கைராசியைக் குறை சொல்லுமுன் மண்ணைக் கேளுங்கள்

கொடிகாமத்தில், பருத்தித்துறை வீதியிலிருந்து பிரிந்து போகும் மணல் ஒழுங்கை ஒன்றில், ஒரு தாயாரின் முற்றத்தில் பதினொரு சாடிகள் இருக்கின்றன. சாடிகள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கடையில் வாங்கியவை இரண்டுதான். மற்றவை பாதியாக வெட்டிய எண்ணெய்ப் பரல், அடி ஓட்டையான வாளி, பெயின்ற் ரின், உரப்பை. வளவு அவருடையதல்ல. வெளிநாட்டிலிருக்கும் உறவினர் ஒருவர் "இருங்கோ" என்று விட்டுக் கொடுத்தது. அதிலே கிடங்கு வெட்டி மரம் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. "நாளைக்கு எழும்பச் சொன்னால் மரத்தைப் பிடுங்கிக்கொண்டு போகேலுமே, பாதர்? சாடியெண்டால் லான்ட்மாஸ்ரரிலை ஏத்தலாம்" என்றார்.

1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து எழும்பியவர் அவர். அன்றிலிருந்து எத்தனை இடம் மாறினார் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார். இரண்டு கைகளும் போதவில்லை. ஊரில் வெங்காயமும் மிளகாயும் செய்த குடும்பம். இன்று அவருக்கு இருக்கும் தோட்டம் இந்தப் பதினொரு சாடிகள்தான்.

நான் போன அன்று அவற்றுள் ஏழு சாடிகளில் இலைகள் மஞ்சளித்து நின்றன. கறிவேப்பிலை, தேசி, மிளகாய், ஒரு ரோசா. தண்ணீர் ஊற்றுகிறார். எரு போடுகிறார். முற்றம் கூட்டி எரித்த சாம்பலைத் தவறாமல் வேரடியில் கொட்டுகிறார். ஒரு நிறுவனம் வீட்டுத்தோட்டத் திட்டத்தில் கன்றுகளோடு கொடுத்த வெள்ளைத் தூளையும் அளவு பார்த்துப் போட்டிருக்கிறார். எல்லாம் செய்தும் கன்று தேறவில்லை. கடைசியில் அவர் கண்ட முடிவு இது: "என்ரை கைராசி கெட்டுப் போச்சு, பாதர். ஊரிலை நான் நட்டது ஒண்டும் பிழைச்சதில்லை."

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஒரு வசனம்தான். வீடு போனது, காணி போனது, நகை போனது என்று கணக்கெழுதுகிறோம். முப்பது வருடம் மண்ணோடு பழகிய ஒரு கமக்காரத் தாய் தன் கையையே நம்பாமல் போனதை எந்தப் படிவத்தில் எழுதுவது? அவர் கையில் பிழை இல்லை. பிழை சாடிக்குள் இருந்தது. அதைக் கண்டுபிடிக்கச் செல்லும் நேரம் அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலத்தை எவரும் அவருக்குக் கொடுக்கவில்லை என்பதே என் முறைப்பாடு.

மண்ணின் புளிப்பையும் காரத்தையும் அளக்க பீஎச் என்றொரு அளவு இருக்கிறது. பாடசாலையில் படித்திருப்பீர்கள். 1909 ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டின் கோப்பன்கேகன் நகரில், கால்ஸ்பேர்க் பியர் ஆலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த சோரன்சன் என்ற இரசாயனவியலாளர் வகுத்த அளவு அது. (பியர் காய்ச்சுவோரிடமிருந்தும் கமக்காரருக்கு நன்மை வரும் போலும்.) 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு படி ஏறினால் பத்து மடங்கு வித்தியாசம், இரண்டு படி ஏறினால் நூறு மடங்கு. ஆகவே 6 க்கும் 8 க்கும் இடையில் சிறிது தூரம்தானே என்று எண்ணிவிடாதீர்கள். எமது மரக்கறிகளில் பெரும்பாலானவை 6 க்கும் 7 க்கும் இடையில் மகிழ்ச்சியாயிருக்கும். தேயிலை 4.5 க்கும் 5.5 க்கும் இடைப்பட்ட மண்ணை விரும்பும். நுவரெலியாவில் நீல நிறமாய்ப் பூக்கும் ஐதரேஞ்சியாச் செடியைக் கண்டிருப்பீர்கள். அதையே கொண்டுவந்து சுண்ணாம்பு மண்ணில் வைத்தால் பூ இளஞ்சிவப்பாகிவிடும். செடி ஒன்றுதான். மண் வேறு.

எமது குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் படுத்திருக்கிறது. காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை வைத்ததே இந்தக் கல்லை நம்பித்தான். கிணற்றில் நாம் அள்ளுவது அந்தக் கல்லினூடாக வடிந்து, கல்லைக் கரைத்து எடுத்துக்கொண்டு வரும் நீர். கேத்தலின் உள்ளே வெள்ளையாகப் படியும் ஓட்டைச் சுரண்டிப் பாருங்கள். அது கல்சியம் காபனேற்று, கரைந்து வந்த அதே கல்தான். சாடியின் விளிம்பிலும் அடி ஓட்டையைச் சுற்றியும் வெள்ளைப் பூச்சாகத் தெரிவதிலும் பெரும்பங்கு அதுவே.

நிலத்தில் நிற்கும் மரத்துக்கு இது அவ்வளவு துன்பமில்லை. வேர் அகலும், ஆழும். மாரி மழை நிலத்தைக் கழுவும். சாடியில் நிற்கும் கன்றுக்கு ஓட இடமில்லை. ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு லீற்றர் கிணற்று நீரில் 300 மில்லிகிராம் சுண்ணாம்பு கரைந்திருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு ஒரு லீற்றராக 300 நாட்கள் ஊற்றினால், சாடிக்குள் போவது 90 கிராம். அடியால் வடிவதைக் கழித்தாலும் மீதி உள்ளேதான். நீர் ஆவியாகும், சுண்ணாம்பு ஆவியாகாது. நாம் ஒவ்வொரு மாலையும் அன்போடு ஊற்றும் நீரே சாடியின் பீஎச் அளவை மெல்ல மெல்ல உயர்த்துகிறது.

உயர்ந்தால் என்ன நடக்கும்? இங்கேதான் வலிகாமத்தவர் மனதில் கொள்ள வேண்டிய ஒரு வேடிக்கை உண்டு. எமது செம்மண் சிவப்பாயிருப்பதற்குக் காரணம் அதிலுள்ள இரும்பு. ஆனால் அந்த இரும்பு நிறைந்த மண்ணிலேயே, சுண்ணாம்பு மிகுந்துவிட்டால், கன்று இரும்பில்லாமல் சோகை பிடித்து நிற்கும். பீஎச் ஒரு படி ஏறும்போது மண்ணீரில் கரைந்து நிற்கக்கூடிய இரும்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. களஞ்சியம் நிறைய நெல், கதவு பூட்டு. நாகமும் மங்கனீசும் அவ்வாறே அகப்படாமற் போகும். பொசுபரசு கல்சியத்தோடு சேர்ந்து இறுகிவிடும். துருப்பிடித்த ஆணிகளைச் சாடிக்குள் குத்தி வைக்கும் வழக்கம் எம்மிடம் உண்டு. சுண்ணாம்புச் சாடியில் அதனால் ஒரு பயனும் இல்லை. பூட்டிய அறைக்குள் இன்னும் ஒரு மூட்டை போடுவதே அது.

அடையாளம் எளிது. மஞ்சளிப்பு முதலில் எந்த இலையில் வருகிறது என்று பாருங்கள். இளந்தளிர் மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புக் குறைவு. அடியிலுள்ள முதிர்ந்த இலை முழுவதும் மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவு. இரண்டுக்கும் யூரியா போடுவதே எம்மவர் வழக்கம். காரமான மண்ணின் மேல் யூரியாவைத் தூவினால் அதில் ஒரு பங்கு அமோனியாவாகக் காற்றோடு போய்விடும். காசும் அதனோடு போகும்.

இனி அந்த வெள்ளைத் தூளுக்கு வருகிறேன். அது தொலமைற்று. கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்த காபனேற்று. மலையகத்திலும் ஈரவலயத்திலும் மண் அமிலமானது. மழை அங்கே சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. அங்கு தொலமைற்று மருந்து. கேரளத்தின் செம்பாறை மண்ணுக்கும் சுண்ணாம்பு மருந்து. ஆகவே கொழும்பில் அச்சடித்த கைநூலில் "சாடிக்கு ஒரு கைப்பிடி தொலமைற்று" என்றிருப்பதும், கேரளத்து யூரியூப் காட்சிகளில் முட்டைக் கோதைப் பொடித்துப் போடச் சொல்வதும் அந்தந்த இடத்துக்குச் சரி. அதைத் தூக்கிக்கொண்டு வந்து சுண்ணாம்புக் கல்லின் மேல், சுண்ணாம்பு நீர் குடிக்கும் சாடிக்குள் போடுவது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். நான் அந்த நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அது ஒரு நிறுவனத்தின் தவறு மட்டுமன்று. எமது சபைகளும் சங்கங்களும் இதே கைநூலை ஒளிப்பிரதி எடுத்துப் பங்கிட்டிருக்கின்றன. பங்குமனை விறாந்தையிலிருந்த என் சொந்த அந்தூரியச் சாடிகளுக்கு இரண்டு வருடம் சாம்பல் போட்டுக் கொன்றவன் நான். விறகுச் சாம்பலின் பீஎச் 10 ஐத் தாண்டும் என்பதைச் செடிகள் செத்த பிறகுதான் படித்தேன். தென்னைக்கும் வாழைக்கும் பொட்டாசியம் தரும் நல்ல பசளை அது, எறியச் சொல்லவில்லை. ஐந்து கிலோ மண்ணுள்ள சாடிக்குள் வேண்டாம் என்கிறேன்.

"யாழ்ப்பாணத்து மண் எல்லாம் சுண்ணாம்புதானே, இதிலே சோதிக்க என்ன இருக்கிறது?" என்று ஒரு நண்பர் கேட்டார். விவசாயம் படித்தவர். கேள்வி நியாயமானது போலத் தோன்றும். ஆனால் எங்கள் சாடிகளுக்குள் இருக்கும் மண் ஓரிடத்து மண்ணல்ல. எம்மைப் போலவே அதுவும் பல இடத்திலிருந்து வந்தது. ஒரு சாடியில் வலிகாமத்துச் செம்மண். சுண்ணாம்பு குறைந்த மேல்மண்ணாயிருந்தால் நடுநிலைக்குக் கிட்ட நிற்கும். இன்னொன்றில் மணற்காட்டுப் பக்கத்து மணல். அதற்குள் சிப்பியும் சோகியும் உடைந்து கிடக்கும், அதுவும் சுண்ணாம்பே. இன்னொன்றில் கச்சாய்க் கரையோரத்து மண். அங்கே உப்பும் சேரும். மிருசுவில், உசன் பக்கத்துத் தென்னந்தோட்டத்து மணல் வேறு, அதே தோட்டத்தில் பசுக்கொட்டிலடி மண் வேறு. அந்தத் தாயாரின் பதினொரு சாடிகளைத் தாள் கொண்டு பார்த்தபோது, பலாக்கன்று நின்ற உரப்பையில் நிறம் 6 க்கும் 7 க்கும் நடுவில் வந்தது. இரண்டு முழம் தள்ளி நின்ற கறிவேப்பிலையில் 8 ஐத் தாண்டியது. ஒரே முற்றம், ஒரே கிணறு, ஒரே கை.

அந்தக் கறிவேப்பிலைச் சாடிக்கு மண் எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். வளவின் மூலையில், 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் இடிந்த பழைய வீட்டின் அத்திவாரத்தடியில் என்றார்.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். எமது பழைய கல்வீடுகள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. பின்னர் வந்தவை சீமெந்து. 2000 இல் தென்மராட்சியில் இடிந்தவையும், 1990 இன் பின் வலிகாமம் வடக்கில் இடிந்தவையும், வன்னியில் 2009 வரை இடிந்தவையும் சுவரும் சாந்துமாகப் பொடிந்து மண்ணோடு கலந்து கிடக்கின்றன. கறுப்பாய், பொலுபொலுவென்று, பார்க்க நல்ல மண் போல இருக்கும். பலர் அதைத்தான் அள்ளிச் சாடி நிரப்புகிறார்கள். சுவர் இடிந்த இடத்து மண்ணில் நட்ட கன்று மஞ்சளித்தால், நட்டவருக்குக் கைராசி இல்லை என்பதா?

வலிகாமம் வடக்கிலே காணி விடுவிக்கப்படும்போதெல்லாம் விழா எடுக்கிறார்கள். எத்தனை ஏக்கர் என்று பத்திரிகையில் வரும். இன்னும் விடுவிக்கப்படாத காணிகளும் இருக்கின்றன. அந்தக் கோரிக்கை கோரிக்கையாகவே நிற்கட்டும். ஆனால் திரும்பிப் போனவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சில வளவுகளில் மேல்மண்ணை வழித்து மண் அணை கட்டியிருந்தார்கள். செம்மண் இருந்த இடத்தில் வெள்ளைக் கல் பல்லைக் காட்டுகிறது. ஏக்கரை அளந்தவர்கள் மண்ணை அளக்கவில்லை. காணி திருப்பிக் கொடுக்கும் பத்திரத்தோடு மண் பரிசோதனை முடிவு ஒன்றும் இணைக்கப்பட வேண்டும் என்று நான் கேட்கிறேன். பீஎச், சுண்ணாம்பின் அளவு, உப்பின் அளவு, மேல்மண்ணின் ஆழம் ஆகிய நான்கு விபரங்கள் போதும். அப்போதுதான், "காணியைத் தந்துவிட்டோமே, இன்னும் ஏன் நிவாரணம்?" என்று கேட்பவருக்கு நாம் காட்டுவதற்கு ஒரு தாளாவது இருக்கும். தன் காணியில் பயிர் ஏன் வரவில்லை என்று கமக்காரன் தானே நிறுவ வேண்டியிருப்பது அநியாயம்.

இடம்பெயர்ந்தோருடன் வேலை செய்யும் சிலர் என்னைக் கண்டிக்கிறார்கள். காணி கேட்க வேண்டிய சனத்தைச் சாடியோடு சமாதானப்படுத்துகிறீர்கள் என்கிறார்கள். இந்தக் கண்டனத்தை நான் தள்ளிவிடவில்லை. 2022 இல் பொருளாதாரம் விழுந்தபோது அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள். அதற்கு முந்திய வருடம் சித்திரையில் இரசாயனப் பசளையை ஒரே இரவில் தடைசெய்து, கார்த்திகையில் பின்வாங்கியவர்களின் அரசும் அதுவே. மேலே இருப்பவர்களின் பிழையை முற்றத்துச் சாடிகள் தாங்க வேண்டும் என்றால், எனக்கும் கோபம் வருகிறது. சாடி காணிக்கு ஈடல்ல. பதினாறு பரப்புக் காணியில் தோட்டம் செய்தவருக்குப் பதினொரு சாடிகளை மாற்றீடாகக் காட்டுவது பரிகாசம். ஆயினும் காணி வரும்வரை அந்தத் தாயாரின் கை சும்மா இருக்கப் போவதில்லை. பேரப்பிள்ளைக்கு ஒரு நெட்டுக் கறிவேப்பிலையும் இரண்டு பச்சை மிளகாயும் அந்த முற்றத்திலிருந்துதான் போகிறது. சந்தையில் மிளகாய் விலை ஏறும் வாரங்களில் அது சிறிய காரியமல்ல. அத்துடன் ஊர்க் கன்று ஒன்றை, இடம் மாறி இடம் மாறிப் பதியம் வைத்துக் காப்பாற்றி வைத்திருப்போர் பலர் எம்மிடையே உண்டு. 1995 ஐப்பசி முடிவில் வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு வந்தபோது, என் தாயார் துணிமூட்டையோடு ஒரு மல்லிகைப் பதியத்தையும் பால்மா ரின்னில் கொண்டு வந்தார். எனக்கு அப்போது பதினைந்து வயது. இந்த மழையிலே இது எதற்கு என்று நான் சினந்தேன். அது இன்னும் பூக்கிறது.

சரி, எப்படிச் சோதிப்பது? ஆய்வுகூடம் வேண்டும் என்று பயப்பட வேண்டாம். முதற் சோதனை வினாகிரி. ஒரு கரண்டி உலர்ந்த மண்ணைக் கோப்பையில் போட்டு, முதலில் சிறிது தண்ணீரால் நனையுங்கள். உலர்ந்த மண்ணில் ஒளித்திருக்கும் காற்று குமிழாக வரும், அது பொய்க் குமிழ். அது அடங்கிய பின் வினாகிரி விட்டுக் காதருகே பிடியுங்கள். சோடாப் போத்தல் திறந்தது போலச் சீறினால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. பலமாகச் சீறினால் நிறைய இருக்கிறது. இடிந்த வீட்டு மண் சீறுவதைக் கேட்டால் பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

இரண்டாவது சோதனைக்குச் செவ்வரத்தம்பூப் போதும். கறுத்தப்பூவும் உதவும். இதழ்களை மழைநீரில் அவித்துச் சாயம் இறக்குங்கள். மூன்று கிளாசுகளில் அந்தச் சாயத்தை ஊற்றி, ஒன்றில் தேசிப்புளி சில துளி, ஒன்றில் அப்பச்சோடா ஒரு சிட்டிகை இடுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். புளி விட்டது சிவக்கும். சோடா போட்டது பச்சை அல்லது நீலப்பச்சையாகும். அப்பச்சோடாக் கரைசலின் பீஎச் ஏறக்குறைய 8.3. சுண்ணாம்பு நிறைந்த மண்ணும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் வந்து நிற்கும். எனவே மண்ணை மழைநீரில் கலக்கித் தெளியவிட்டு, அந்தத் தெளிந்த நீரைச் சாயத்தோடு கலந்தால், எந்தக் கிளாசின் நிறத்துக்குக் கிட்ட வருகிறது என்று கண்ணாலே காணலாம். சாயத்தை அன்றே பாவிக்க வேண்டும், மறுநாள் நிறம் கெட்டுவிடும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கும் ஆலாத்தித் தட்டை அறிந்தவர்கள், மஞ்சளால் பார்க்கலாமே என்று கேட்பார்கள். மஞ்சள் சிவக்க இன்னும் பலமான காரம் வேண்டும். சாம்பலையும் புதிய சீமெந்தையும் அது காட்டிக் கொடுக்கும். சாதாரணச் சுண்ணாம்பு மண்ணை விட்டுவிடும்.

எண்ணாகத் தெரிய வேண்டுமானால் பீஎச் தாள் வாங்கலாம். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு நீர் விட்டு, நன்றாகக் கலக்கி, அரை மணித்தியாலம் விட்டுப் பார்க்க வேண்டும். நீர் என்றால் வடித்த நீர். வாகனக் கடையில் பற்றரிக்கு ஊற்ற விற்பார்களே, அது. (பற்றரி அமிலத்தை வாங்கிவிடாதீர்கள், கேட்டு வாங்குங்கள்.) கிணற்று நீரில் மண்ணைக் கரைத்துச் சோதித்துவிட்டு எல்லா மண்ணும் ஒன்றுதான் என்று எழுதிய ஒருவரை எனக்குத் தெரியும். அவர் சோதித்தது கிணற்றை. பற்றரி இல்லாமல் மண்ணில் குத்தி முள் ஆடுவதைப் பார்க்கும் மலிவான கருவிகள் கடைகளில் தொங்குகின்றன. அவற்றுக்குக் காசு செலவிட வேண்டாம். ஈரம் கூடினால் ஒன்றைச் சொல்லும், குறைந்தால் வேறொன்றைச் சொல்லும். பேனா போன்ற மின்கருவி நல்லது. ஆனால் 4, 7 என்ற நியமக் கரைசல்களில் தோய்த்துச் சரிபார்க்காவிட்டால் அதுவும் பொய் சொல்லும். ஒரு வீட்டுக்கு ஒன்று தேவையில்லை. ஒரு கமக்காரர் அமைப்புக்கோ மாதர் சங்கத்துக்கோ ஒன்று போதும்.

உவரையும் களரையும் குழப்பக் கூடாது. எமது முன்னோர் இரண்டுக்கும் இரண்டு சொல் வைத்தது சும்மா அல்ல. உவர் என்றால் உப்பு. பீஎச் தாள் அதைக் காட்டாது, அதற்கு மின்கடத்துதிறன் பார்க்க வேண்டும். களர் என்றால் சோடியம் ஏறி இறுகிய மண், பீஎச் 8.5 ஐத் தாண்டும். கடலேரியோரத்தில் கிணற்றை அதிகம் இறைத்தால், நன்னீரின் கீழே கிடக்கும் உப்புநீர் மேலே வரும். அந்த நீரைச் சாடிக்கு ஊற்றுவோர் முதலில் நீரைச் சோதிக்க வேண்டும். கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் மண் மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் வழியைச் சொல்வார். அது அவர் செய்யும் உபகாரமல்ல, அவருடைய கடமை. கேட்கத் தயங்க வேண்டாம்.

சுண்ணாம்பு கண்டால் கந்தகம் போடு என்று புத்தகங்கள் சொல்லும். கணக்குப் பாருங்கள். 100 கிராம் சுண்ணாம்பை முறிக்க 32 கிராம் கந்தகம் வேண்டும். பத்துக் கிலோ மண்ணுள்ள சாடியில் பத்திலொரு பங்கு சுண்ணாம்பானால் ஒரு கிலோ. அதற்கு 320 கிராம் கந்தகம். மண்ணிலுள்ள நுண்ணுயிர் அதை அமிலமாக்க மாதங்கள் செல்லும். அதுவரை கன்று இருக்க வேண்டுமே! சாடியில் அதைவிட நல்ல வழி மண்ணையே மாற்றுவது. சாடியின் ஒரே அனுகூலம் அதுதான்; வயலை மாற்ற முடியாது, சாடியை மாற்றலாம். சீறாத செம்மண் ஒரு பங்கு, மக்கிய குழையெரு ஒரு பங்கு, தும்புத் தூள் ஒரு பங்கு. கொடிகாமத்தில் தேங்காய்க்குப் பஞ்சமில்லை, தும்புக்கும் பஞ்சமில்லை. மட்டையைக் கடலேரியில் ஊறவிட்டு எடுத்த தும்பானால் உப்பிருக்கும். மழைநீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிய வேண்டும். பூவரசங்குழையும் கிளிசிறியாவும் வெட்டித் தாழ்த்திய எமது பாட்டன்மார் பீஎச் அறியார்கள். ஆனால் குழை உக்கும்போது வரும் அமிலங்கள் பூட்டிய இரும்பைத் திறந்து விடும் என்பதை அவர்களின் வெங்காயம் அறிந்திருந்தது.

இப்போதே மஞ்சளித்து நிற்கும் கன்றுக்கு ஒரு லீற்றர் மழைநீரில் 5 கிராம் பெரசுச் சல்பேற்றும் சிறிது தேசிப்புளியும் கலந்து, மாலையில் இளம் இலைகளில் தெளியுங்கள். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை. வேரில் ஊற்றினால் சுண்ணாம்பு அதைப் பூட்டிவிடும். கடையில் இடுக்கி இரும்பு என்று தருவது ஈ.டி.டி.ஏ. வகையாயின் இலைக்கு மட்டும் பாவியுங்கள். சுண்ணாம்பு மண்ணின் வேருக்கு ஈ.டி.டி.எச்.ஏ. வகைதான் வேலை செய்யும், விலையும் கூட. தழைச்சத்துக்கு யூரியாவுக்குப் பதிலாக அமோனியம் சல்பேற்றுச் சிறிதளவு. மாரியில் கூரைத் தண்ணீரைப் பரலில் பிடித்துச் சாடிகளுக்கென்று மூடி வையுங்கள். நுளம்பு பெருகாமல் மூட வேண்டும். இவையெல்லாம் முடியாதென்றால் சுண்ணாம்போடு சண்டை பிடிக்காத செடியை வையுங்கள். பீற்றூட், கோவா, மாதுளை, முருங்கை.

நன்கொடை நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். கன்று பங்கிடும் நாளுக்கு ஒரு கிழமை முன்னதாக ஒரு பீஎச் தாட்புத்தகத்தோடு ஓர் ஆளை அனுப்புங்கள். பயனாளி கையில் சாடியோடு நிற்கும் படம் உங்கள் அறிக்கைக்குத் தேவை என்பது எனக்குத் தெரியும். ஆறு மாதம் கழித்து அதே சாடியை இன்னொரு படம் எடுத்து அதே அறிக்கையில் சேருங்கள். பெறுவோரும் கேளுங்கள்: "எங்கள் மண்ணைச் சோதித்தீர்களா?" இலவசமாகத் தருவதைக் கேள்வி கேட்கலாமா என்று தயங்குவோர் உண்டு. செத்த கன்றுக்கு ஊற்றிய தண்ணீரும் அள்ளிய கையும் இலவசமல்ல.

அந்தத் தாயாரின் கறிவேப்பிலையை நாங்கள் மண் மாற்றி வைத்தோம். பழைய மண்ணை உதறியபோது வேரோடு ஒட்டி ஒரு பெருவிரலளவு சாந்துக் கட்டி வந்தது. ஒரு பக்கத்தில் நீலச் சுண்ணப் பூச்சு அழியாமல் இருந்தது. அவர் அதைக் கழுவி ஜன்னல் விளிம்பில் வைத்தார். யாருடைய வீடோ என்றார். ஐந்தாம் கிழமை போனபோது புதிய தளிர் பச்சையாக வந்திருந்தது. தேசிக்கு இன்னும் நாட்செல்லும்.

அடுத்த மாதம் முதல், கொடிகாமத்தில் மாதத்தின் முதற் சனிக்கிழமை காலையில் ஒரு மேசை போட்டு மண் பார்க்க ஒழுங்கு செய்திருக்கிறோம். எந்தச் சமயத்தவரும், எந்த ஊரவரும் வரலாம். ஒரு சாடிக்கு ஒரு பிடி மண் போதும். மேலே தெரியும் மண்ணை விட்டு, நாலு விரல் ஆழத்தில், வேரருகே எடுத்து, நிழலில் இரண்டு நாள் உலர்த்திக் கொண்டு வாருங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடதாசியில் மடித்து, அதன் மேல் என்ன கன்று, மண் எங்கே எடுத்தது, எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று எழுதுங்கள். தண்ணீரும் ஒரு சிறு போத்தலில் கொண்டு வந்தால் நல்லது.